அகுஸ்தினாரின் மறையுரைகள்: பதிப்பும் எண்ணிடலும்

பேச்சு எழுத்தாகும்போது அதில் எவ்வளவு எஞ்சுகிறது என்பது மொழி பயில்வோர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக விளங்கிய புனித அகுஸ்தினாரின் (354–430) மறையுரைகள். அவர் நாற்பது ஆண்டுக் காலம் இலத்தீன் மொழியில் மக்களுக்கு உரையாற்றினார். பெரும்பாலான உரைகளை அவர் முன்கூட்டி எழுதவில்லை. அவர் பேசப் பேசச் சுருக்கெழுத்தாளர்கள் குறித்துக்கொண்டனர். அக்குறிப்புகளின் வழிவந்த படிகளே நமக்குக் கிடைத்துள்ளன. மக்களுக்கு ஆற்றிய உரைகள் என வகுக்கப்பட்டவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஐந்நூறுக்கு மேற்பட்டவை. அவர் பேசியவற்றுள் இது ஒரு சிறு பகுதியே.

படிகள் பெருகியபோது இரண்டு சிக்கல்கள் தோன்றின. முதலாவது, உரை யாருடையது என்பது. ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயராயிருந்த சிசேரியுஸ், அகுஸ்தினாரின் உரைகளைச் சுருக்கியும் மாற்றியும் தம் மக்களுக்கு எடுத்துரைத்தார். அவருடைய உரைகள் பல அகுஸ்தினார் பெயரிலேயே வழங்கின. அவற்றைப் பிரித்தறிந்து ஜெர்மேன் மோரின் 1937இல் பதிப்பித்தார். இரண்டாவது சிக்கல், சுருக்கம். இடைக்காலப் படியெடுப்போர் எக்காலத்துக்கும் பயன்படும் கருத்துகளையே விரும்பினர். ஆகவே ஊர், நாள், அவையோரின் ஆரவாரம், அன்றைய நிகழ்ச்சி ஆகியவற்றைப் பல இடங்களில் விட்டுவிட்டனர்.

ஓர் உரை அகுஸ்தினாருடையதா என்று பதிப்பாசிரியர் எவ்வாறு துணிகிறார்? அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் தொகுத்த நூற்பட்டியலில் அவ்வுரையின் தலைப்பு உள்ளதா என்று பார்க்கிறார். மேற்கோளாக வரும் விவிலியத் தொடர்கள் அக்கால ஆப்பிரிக்கத் திருச்சபை பயன்படுத்திய மொழிபெயர்ப்போடு பொருந்துகின்றனவா என்று ஆராய்கிறார். சொல்லாட்சியையும் தொடரின் ஓசை முடிவையும் ஐயமற்ற உரைகளோடு ஒப்பிடுகிறார். இவற்றுள் எந்தச் சான்றும் தனித்து நின்று முடிவு தருவதில்லை.

பாரிசில் தூய மோர் சபையின் பெனடிக்டின் துறவியர் 1683இல் வெளியிட்ட தொகுதியே இன்றைய எண்ணிடலுக்கு அடிப்படை. விவிலியப் பகுதிகள் பற்றியவை 1 முதல் 183 வரை. திருவழிபாட்டுக் காலங்களுக்குரியவை 184 முதல் 272 வரை. புனிதர் விழாக்களுக்குரியவை 273 முதல் 340 வரை. பிற பொருள் பற்றியவை 341 முதல் 363 வரை. ஐயத்திற்குரியவை இவற்றின் பின் வைக்கப்பட்டன. பின்னர்க் கண்டெடுக்கப்பட்ட உரைகளுக்கு, பொருளால் அண்மையில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து இடம் தந்தனர். அதனால் பழைய மேற்கோள் எதுவும் பிழைபடவில்லை.

இவ்வமைப்பின் பயன் 1990இல் வெளிப்பட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகர நூலகத்தில் இருந்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில், பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா டோல்போ 26 உரைகளை இனங்கண்டார். சில முற்றிலும் புதியவை. சில அதுவரை துண்டுகளாக மட்டுமே அறியப்பட்டவை. 198ஆம் எண்ணுடைய புத்தாண்டு நாள் உரை முன்பு ஒரு சிற்றுரையாகவே அச்சில் இருந்தது. மைன்ஸ் படியில் அது ஏறத்தாழ 1,500 வரிகள் கொண்ட பேருரையாக நிற்கிறது. மற்றோர் உரை இன்று 359பி என்ற எண் பெற்றுள்ளது. கார்த்தேஜ் நகரில் முந்தைய நாள் மக்கள் எழுப்பிய கூச்சலால் தாம் பேசாது விட்டதை அதில் அகுஸ்தினார் மக்களிடமே எடுத்துப் பேசுகிறார். படியெடுப்போர் வேண்டாதவை என ஒதுக்கிய செய்திகள் இத்தகையவைதாம்.

இதனால் மாறியது எண்ணிக்கை மட்டுமன்று. 1967இல் அகுஸ்தினாரின் வரலாற்றை எழுதிய பீட்டர் பிரவுன், 2000இல் அதன் புதுப்பதிப்பில் புதிய சான்றுகள் குறித்து இயல்கள் சேர்த்தார். தாம் முன்பு கடுமையான அதிகாரம் உடையவராகத் தீட்டிய ஆயர், இவ்வுரைகளில் மக்களோடு வாதாடியும் இணங்கவைத்தும் பேசுபவராகத் தோன்றுவதை அவர் எடுத்துரைத்தார். சுருக்கப்பட்ட உரைகளைக் கொண்டு ஒருவரின் இயல்பை மதிப்பிடுவதன் இடர் இதனால் விளங்கும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. பழைய உரையை மேற்கோள் காட்டும்போது தலைப்பை மட்டும் தராமல், அதன் எண்ணையும் பயன்படுத்திய பதிப்பையும் குறிக்க வேண்டும்; தலைப்புகள் படிக்குப் படி மாறக்கூடியவை. இனி நாம் ஒரு சொற்பொழிவை எழுத்தில் பதியும்போது, கூறியது கூறல், விளி, அவையை நோக்கிய வினா, இடம், நாள் ஆகியவற்றைக் களையென்று நீக்கலாகாது. பேசியவர் யார், யாரிடம், எச்சூழலில் பேசினார் என்று பின்வருவோர் அறிவதற்குத் துணையாவன அவையே.