மாசம் 650 ரூபாய்க்கு சொந்த வெப் சர்வர்: லாபமா, தலைவலியா?

சைடு இன்கம் பத்தி நாம வீடியோ போடும்போதெல்லாம் கீழ தவறாம வர்ற ஒரு கேள்வி இருக்கு. "சொந்தமா ஒரு வெப்சைட் ஆரம்பிக்கப் போறேன். ஹோஸ்டிங் கம்பெனிக்கு நாலு வருஷக் காசை மொத்தமா கட்டிடவா, இல்ல ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து நானே செட் பண்ணிக்கவா?" ஐடியில் இருக்கறவங்க மட்டும் இல்ல, பேங்க்ல, ஸ்கூல்ல வேலை பார்க்கறவங்களும் கேட்கறாங்க. அதனால இதை டெக் கேள்வியா பார்க்காம, பணக் கேள்வியா பார்ப்போம். கமாண்ட் எல்லாம் வீடியோவில் திரையிலேயே இருக்கு, பார்த்து டைப் பண்ணிக்கலாம். எதை ஏன் செய்யறோம், அதுல எங்க காசு போகுதுங்கறதுதான் இங்க.

முதல்ல விளம்பரத்தில் வர்ற விலை. ஒரு மாதிரிக் கணக்கு போடறேன். "மாசம் வெறும் 149 ரூபாய்"னு பெரிய எழுத்துல இருக்கும். அந்த விலை 48 மாசத்துக்கு ஒரே தவணையில் கட்டினாதான் கிடைக்கும். அப்போ 7,152 ரூபாய், அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 8,439. சரி, பரவாயில்லை. ஆனா ரினியூவல் விலை 449ன்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருந்தா, அஞ்சாவது வருஷத்திலிருந்து வருஷத்துக்கு 6,358 ரூபாய். நீங்க பட்ஜெட்ல எழுத வேண்டிய எண் அந்த இரண்டாவது விலைதான். முதல் விலை உங்களை உள்ள இழுக்கறதுக்கு.

இந்த மாதிரி ஷேர்டு ஹோஸ்டிங், திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் மாதிரி. தண்ணி, கரண்ட், வாட்ச்மேன் எல்லாம் ஓனர் பொறுப்பு. பக்கத்து ரூம்காரர் சத்தம் போட்டா நீங்களும் சகிச்சுக்கணும். விபிஎஸ்னு சொல்ற லினக்ஸ் சர்வர் தனி வீட்டு வாடகை. சாவி உங்க கையில. மோட்டார் போடறது, பூட்டு மாத்தறது, டேங்க் கழுவறது, எல்லாம் நீங்கதான்.

அந்த வீட்டுக்கு என்ன வாடகை? டிஜிட்டல்ஓஷனை எடுத்துக்குவோம், பெங்களூருலயே டேட்டா சென்டர் வெச்சிருக்காங்க. 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் சர்வர் மாசம் 6 டாலர். ஜிஎஸ்டி சேர்ந்தா 7.08 டாலர். டாலர் 88 ரூபாய்னு வெச்சா 623. உங்க கார்டு 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்கப் போடும், அந்த மார்க்கப்புக்கும் தனியா ஜிஎஸ்டி உண்டு. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 650. வாராந்திர பேக்கப் வேணும்னா சர்வர் விலையில் இன்னும் 20 சதவீதம் கூடும், அப்போ மாசம் சுமார் 780, வருஷத்துக்கு 9,340 சொச்சம். ரூபாய் சரிஞ்சா இந்த எண்ணும் ஏறும்.

அதாவது, வெறும் காசை மிச்சம் பிடிக்கணும்னு யாராவது விபிஎஸ் எடுத்தா, கணக்கு அவங்களுக்கு எதிராத்தான் வரும். இதை முதலிலேயே சொல்லிடறேன். பிறகு ஏன் எடுக்கணும்? அதுக்கு வர்றேன்.

பில்லை எகிற வைக்கிற இடங்கள்

"அமேசான் கிளவுட்ல ஃப்ரீயா கிடைக்குமே"ன்னு கேட்பீங்க. பழைய 12 மாச இலவசத் திட்டம் 2025 ஜூலை நடுவிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இல்லை. இப்போ அதிகபட்சம் 200 டாலர் வரை கிரெடிட் தர்றாங்க, இலவசத் திட்டத்துக்கு ஆறு மாசம்தான் கெடு. இன்னொன்னு, 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்னுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்கறாங்க. கேட்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். மாசத்துக்கு 3.65 டாலர், நம்ம கணக்குல 320 ரூபாய், வரி தனி. முகவரிக்கே அவ்வளவு!

சர்வரை "ஆஃப்" பண்ணினா பில் நின்னுடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. டிஜிட்டல்ஓஷன்ல ஆஃப் பண்ணி வெச்சாலும் முழு வாடகை ஓடும், அழிச்சாதான் நிக்கும். அமேசான்ல சர்வரை நிறுத்தினா கணிப்பொறிக் கட்டணம் நிக்கும், ஆனா டிஸ்க்குக்கும் பிடிச்சு வெச்ச ஐபிக்கும் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போனா வாடகை நிக்குமா என்ன? கணக்கு ஆரம்பிச்ச அன்னிக்கே, சர்வர் போடறதுக்கு முன்னாடியே, பில்லிங் அலர்ட் வையுங்க. 500 ரூபாய்க்கு ஒண்ணு, 1,000 ரூபாய்க்கு ஒண்ணு.

சரி, சர்வருக்குள்ள போவோம்

உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்பை எடுங்க. 24.04க்கு 2029 வரை வழக்கமான பாதுகாப்பு அப்டேட் உண்டு, சொந்த உபயோகத்துக்கு உபுண்டு ப்ரோ அஞ்சு மெஷின் வரை இலவசம். உள்ள நுழைஞ்சதும் தனி யூசர் ஒண்ணு உருவாக்கி, எஸ்எஸ்ஹெச் கீ போட்டு, அது வேலை செய்யுதான்னு இன்னொரு விண்டோவில் நுழைஞ்சு பார்த்து, அப்புறம்தான் பாஸ்வேர்டு லாகினை மூடணும். ஃபயர்வாலிலும் இதே வரிசை. முதல்ல எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி, பிறகு 80, 443 போர்ட், கடைசியாத்தான் ஃபயர்வாலை ஆன் பண்றது. வரிசை மாறினா நீங்களே வெளியே நின்னு கதவைத் தட்ட வேண்டி வரும்.

வெப் சர்வரா அப்பாச்சியும் நல்லதுதான், 1995லிருந்து இருக்கு. சின்ன மெஷினுக்கு நான் என்ஜின்எக்ஸ் பக்கம்தான். 2004ல் இகோர் சிசோயெவ் வெளியிட்டது. ஒவ்வொரு விசிட்டருக்கும் ஒரு வேலையாளை நிறுத்தாம, சில வேலையாட்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாறி மாறிக் கவனிக்கிற அமைப்பு. டீக்கடையில ஒரே மாஸ்டர் இருபது பேர் ஆர்டரைப் பார்த்துக்கறார் இல்லையா, அப்படி. அதனால ரேம் குறைவாப் போதும்.

உபுண்டுவில் ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல். இருக்கற சைட்டுகளுக்கு ஒரு ஃபோல்டர், இயங்கற சைட்டுகளுக்கு இன்னொரு ஃபோல்டர், முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு லிங்க். மாத்தி முடிச்சதும் டெஸ்ட் கமாண்ட் அடிங்க, "ஓகே"ன்னு வந்தா மட்டும் ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோடில் கான்ஃபிக் தப்பா இருந்தா பழையதே ஓடும், ரீஸ்டார்ட்ல சைட்டே விழுந்துடும். ஃபோட்டோ ஏத்தும்போது 413 எரர் வந்தா பயப்படாதீங்க. என்ஜின்எக்ஸில் அப்லோட் வரம்பு இயல்பாவே 1 எம்பிதான். அதை ஏத்துங்க, பிஹெச்பிக்கும் தனி வரம்பு இருக்கு, அதையும் சேர்த்து ஏத்தணும்.

இப்போ நிஜமா காசு மிச்சமாகிற இடம். வேர்ட்பிரஸ் போட்டு நாலு மாசம் ஆச்சு, திடீர்னு "டேட்டாபேஸ் இணைப்பு இல்லை"ன்னு சைட் விழுது. நிறைய பேர் உடனே "டிராஃபிக் கூடிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டு 12 டாலர் பிளானுக்குத் தாவறாங்க. கொஞ்சம் பொறுங்க. 1 ஜிபி ரேமில் மைஎஸ்க்யூஎல் 400 எம்பி அளவுக்கு எடுத்துக்கும். சிஸ்டத்துக்கு ஒரு 200. வேர்ட்பிரஸ் ஓட்டற பிஹெச்பி வேலையாள் ஒவ்வொருத்தருக்கும் 60 எம்பின்னு வெச்சுக்குவோம். இயல்பா அஞ்சு வேலையாள், அதாவது 300. மொத்தம் 900, இறுக்கம், ஆனா ஓடும். எங்கேயோ படிச்சு அந்த அஞ்சை இருபது ஆக்கினா அதுக்கு மட்டுமே 1,200 எம்பி. ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் பெரிசா இருக்கற புரோகிராமைப் பார்த்துக் கொல்லும். பெரிசு எது? மைஎஸ்க்யூஎல். அதான் சைட் விழுந்த கதை.

வைத்தியம் என்ன? வேலையாள் எண்ணிக்கையை நாலு, அஞ்சுலயே வையுங்க. 2 ஜிபிக்கு ஸ்வாப் ஃபைல் போடுங்க, அதுக்கு செலவு பூஜ்யம். ஆக்ஸஸ் லாகைத் திறந்து பாருங்க, வர்ற கோரிக்கைகளில் ஒரு பெரிய பங்கு லாகின் பக்கத்தைத் தட்டிக்கிட்டிருக்கற பாட்களாத்தான் இருக்கும். என்ஜின்எக்ஸிலேயே ஒரு ஐபிக்கு நிமிஷத்துக்கு இத்தனை தடவைதான்னு வரம்பு போடலாம். அடுத்தது கேஷ். ஒரு பக்கத்தை ஒரு தடவை தயாரிச்சு வெச்சு, அடுத்த விசிட்டர்களுக்கு பிஹெச்பியைத் தொடாமலே கொடுக்கறது. ஒரே ஒரு எச்சரிக்கை: லாகின் பண்ணினவங்க பக்கம், கார்ட், பேமெண்ட் பக்கம் இதெல்லாம் கேஷில் விழவே கூடாது. விழுந்தா ஒருத்தர் முகவரி இன்னொருத்தருக்குத் தெரியும். இந்த ஒரு சாயங்கால வேலை, மாசம் 6 டாலர், அதாவது வரியெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 7,800 ரூபாயை மிச்சம் பண்ணும். சம்பளத்தில் வருஷத்துக்கு 7,800 கூட்டிக் கேட்டு வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு யாராவது காசு கேட்டா கொடுக்காதீங்க. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசம், 90 நாள் செல்லும், செர்ட்பாட் தானே புதுப்பிக்கும். முதல்ல டொமைன் உங்க சர்வர் ஐபியைக் காட்டுதான்னு பார்த்துட்டு ஓட்டுங்க. மணிக்கு அஞ்சு தடவை தோத்தா கொஞ்ச நேரம் கதவைச் சாத்திடுவாங்க. இதுல ஒரு கண்ணி இருக்கு. ஹெச்டிடிபிஎஸ் வந்ததும் "இனி 80 போர்ட் எதுக்கு"ன்னு சிலர் மூடிடறாங்க. வழக்கமான முறையில் புதுப்பித்தல் அந்த 80 போர்ட் வழியாத்தான் நடக்கும். மூடின பிறகும் பழைய சான்றிதழ் செல்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தேதி முடிஞ்ச மறுநாள் உங்க சைட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் சிவப்பு எச்சரிக்கை. முன்னெல்லாம் காலாவதிக்கு முன்னாடி ஈமெயில் அனுப்புவாங்க, 2025 ஜூன்ல அதையும் நிறுத்திட்டாங்க. அதனால 80ஐத் திறந்தே வெச்சு, ஹெச்டிடிபிஎஸ்க்குத் திருப்பி விடுங்க. காலண்டரில் ரெண்டு மாசத்துக்கு ஒரு நினைவூட்டலும் போடுங்க.

பேக்கப்: இங்க கஞ்சத்தனம் வேண்டாம்

கம்பெனி தர்ற பேக்கப் அதே கணக்குக்குள்ளதான் இருக்கும். கார்டு தகராறு, கணக்கு முடக்கம்னு ஏதாவது வந்தா சர்வரும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். டேட்டாபேஸ், படங்கள் ரெண்டையும் ராத்திரியில் தானா காப்பி எடுத்து வேற இடத்துக்கு அனுப்பற மாதிரி வையுங்க. அதோட, அந்தக் காப்பியிலிருந்து சைட்டை எழுப்ப முடியுதான்னு ஒரு தடவை செஞ்சு பாருங்க. இதுக்கு எவ்வளவு செலவு தெரியுமா? 6 டாலர் சர்வருக்கு மணிக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. மூணு மணி நேரம் புது சர்வர் போட்டு, மீட்டு, பார்த்துட்டு அழிச்சா மூணு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. மறக்காம அழிச்சிடுங்க.

அப்போ யாருக்கு எது?

உங்க நேரத்துக்கும் விலை போடுங்க. மாசம் 50,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னா மணிக்கு 250 ரூபாய். முதல் தடவை செட் பண்ண ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மாசம் ஒண்ணரை மணி நேரம் அப்டேட், லாக், பேக்கப் பார்க்க. அது 375 ரூபாய். 780 கூட சேர்த்தா உண்மையான விலை மாசம் 1,155.

வெறும் ரெஸ்யூம், போர்ட்ஃபோலியோ, நாலு கட்டுரை இவ்வளவுதான்னா ரெண்டுமே வேண்டாம். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இலவசம். கிட்ஹப் பேஜஸில் ஆன்லைன் கடை நடத்த மட்டும் விதிமுறை இடம் தராது. வீட்டில் கேக், சேலை விக்கறீங்க, ஆர்டர் வருது, டெக் பிடிக்காதுன்னா ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். ரினியூவல் விலையைப் பார்த்து எடுங்க, நாலு வருஷத்துக்குக் கட்டாதீங்க, ஒரு வருஷம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. டெஸ்டிங்ல, சப்போர்ட்ல இருந்து டெவ்ஆப்ஸ், கிளவுட் பக்கம் போகணும்னு நினைக்கறவங்களுக்கு மட்டும் நான் தைரியமா விபிஎஸ் சொல்வேன். இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி, ஆறு மாசம் 650 ரூபாய் வாடகை கட்டிப் பாருங்க. 3,900 ரூபாய். ராத்திரி பதினொரு மணிக்கு 502 எரர் வந்து லாகைத் தேடிக் கண்டுபிடிச்சவங்களுக்கு இன்டர்வியூல பேச விஷயம் இருக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் ஈமெயிலிலும் இதைச் செய்யாதீங்க, வேலை ஒப்பந்தத்தில் வெளி வருமானம் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் படிச்சிடுங்க. கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனையை நீங்களேதான் பேங்க் ஆப்ல ஆன் பண்ணணும், மாச வரம்பை 1,500 ரூபாய் மாதிரி வெச்சா பில் எகிறினாலும் ஒரு தடுப்பு இருக்கும். பேமெண்ட் ஃபெயிலான ஈமெயில் வந்தா அன்னிக்கே கட்டுங்க, விட்டா சர்வரை முடக்குவாங்க. மாசா மாசம் வர்ற இன்வாய்ஸை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வையுங்க. சைட்டிலிருந்து வருமானம் வந்து அதை பிசினஸ் வருமானமா காட்டும்போது, அசல் செலவுக் கணக்குல போறீங்கன்னா இந்த பில்கள் கழிவுக்கு ஆதாரம்.