வாங்குறது ஜூலையில்... படிக்கிறது எப்போ? நெய்வேலி வீடுகளில் புத்தகம் இருக்க வேண்டிய இடம்!

நெய்வேலி வட்டம் 11, லிக்னைட் அரங்கம். 1998-இல் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கிய புத்தகக் கண்காட்சிக்கு, ஜூலை வந்தாலே ஊர் கிளம்பிவிடும். கை நிறைய பைகளோடு வீடு திரும்புவார்கள். ஆகஸ்ட்டில் பார்த்தால் சில பைகள் பிரிக்காமலேயே கிடக்கும். அப்புறம் ஷோகேஸ், அதுக்கப்புறம் பரண்.

சோம்பேறித்தனம்னு உடனே திட்டிக்கொள்ள வேண்டாம். பல வீடுகளில் சிக்கல், புத்தகம் இருக்கும் இடத்தில்தான்.

இதைக் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே யோசித்தவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. இதில் என்ன புதுசு என்று தோன்றும். ஆனால், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பாதுகாப்புதான் முதலில், படிப்பு அப்புறம். ரங்கநாதனோ அலமாரியின் உயரம் வரை கவலைப்பட்டார். சராசரி உயரமுள்ளவர், தரையில் நின்றபடியே மேல்தட்டைத் தொட முடிய வேண்டும் என்றார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவருடைய நான்காவது விதி.

ஹாலில் பூட்டிய கண்ணாடி ஷோகேஸ், சாவி பூஜை அறையில். சங்கிலிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புத்தகம் வேண்டுமென்றால் எழுந்து, சாவி தேடி, திறக்கணும். போன் கையிலேயே இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள்?

அதனால் போன் சார்ஜ் போடும் இடத்திலேயே ஒரு புத்தகம் வைத்துப் பார்க்கலாம். கட்டில் பக்கம் இன்னொன்று. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் சமையலறையில் சிறுகதைத் தொகுப்பு சரியாக வரும். எண்ணெய்க் கறை பட்டாலும் மனசு வலிக்காத பழைய பிரதியாக இருக்கட்டும். குழந்தைகளுக்கு அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், முதுகு தெரியாமல் அட்டை தெரியும்படி. புத்தகக் கடைக்காரர்கள் விற்க வேண்டியதை அப்படித்தான் வைப்பார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்கும் வீட்டில், சத்தமில்லாத பொழுதுபோக்குக்கு மதிப்பு அதிகம்.

மழைக்காலத்தில் மட்டும் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம், ஈரம் ஏறும். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை போடலாம். அந்துருண்டை விஷம் என்பதால், குழந்தை எடுக்கும் தட்டில் கூடவே கூடாது.

அலமாரிக்கு இவ்வளவு சக்தியா? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜோனா சிகோரா குழு, 31 நாடுகளில் சுமார் 1,60,000 பெரியவர்களின் தரவுகளை அலசி 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. பதின்ம வயதில் வீட்டில் ஏறக்குறைய 80 புத்தகங்கள் இருந்தவர்கள், வாசிப்புத் திறனில் சராசரி அளவை எட்டியிருந்தார்கள். 350-ஐத் தாண்டினால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. இந்தியா அந்தப் பட்டியலில் கிடையாது. தவிர, புத்தகம் சேர்க்கிற குடும்பங்களில் வேறு நல்ல பழக்கங்களும் இருக்கலாம். எல்லாப் பெருமையும் அலமாரிக்குப் போகாது.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யணும். பரணில் இருந்ததெல்லாம் அட்டைப்பெட்டிக்கு இறங்கும்போதுதான் அந்தப் பிரிக்காத பை கண்ணில் படும். உள்ளே பில் அப்படியே இருக்கும், ஏதோ ஒரு பழைய ஜூலைத் தேதியோடு.