பாய் ஒன்றா, கடை ஒன்றா?

கடல் வாடையே எட்டாத மாரண்டஹள்ளியில் இருந்துகொண்டு படகுப் பாயைப் பற்றி எழுதுவானேன் என்று வணிகப் பெருமக்கள் நினைக்கலாம். பேச்சு பாயைப் பற்றியது. உள்ளே இருப்பது நம் வியாபாரச் சங்கதி.

'கேட்டமரான்' என்று வெள்ளைக்காரர் சொல்வது நம் கட்டுமரம்தான். பெயர் மட்டும் நம்முடையது. அவர்கள் ஓட்டுவது இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகு. அவற்றில் பேர்போனது, கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர் கொண்டுவந்த 'ஹோபி 16'. போட்டியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி படகு. ஜெயிப்பது கைத்திறனாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாயும் அதே கம்பெனிப் பாயாக இருக்கவேண்டும் என்கிறது விதி. வேறொருவர் அதே துணியில், அதே அளவில், மலிவாகத் தைத்துக் கொடுத்தாலும் பந்தயத்தில் ஏற்ற முடியாது. பாயோ வெயிலிலும் காற்றிலும் தளர்ந்துபோகும் சரக்கு. தளர்ந்தால் வேகம் குறையும். மறுபடி வாங்கவேண்டும், அதே கடையில்!

விதிக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிப்பாயை அவிழ்த்துவிட்டால், பணக்காரர் தனியாக வெட்டித் தைத்த உயர்ந்த பாயோடு வருவார். ஏழை வீட்டுப் பிள்ளை கரையில் நிற்கவேண்டியதுதான். இதை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி, அளவைக் காக்க ஒரே கடைதான் வழியா என்பது.

நம் தராசையே பாருங்கள். எந்தக் கம்பெனித் தராசு வாங்கினாலும் சரி, அரசு முத்திரை இருக்கவேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. அலைச்சலை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் இன்னாரிடம்தான் தராசு வாங்கு என்று சட்டம் சொல்வதில்லை.

படகு உலகிலும் இந்தச் சிக்கல் வெடித்தது. லேசர் என்பது ஒற்றை உடல் படகு. சென்னை நேத்ரா குமணன் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024 பாரிஸிலும் இவ்வகையில்தான் பங்கேற்றார். 2019-ல் பெரிய தயாரிப்பாளரான லேசர் பெர்ஃபார்மன்ஸ், ஆய்வாளர்களை ஆலைக்குள் விடவில்லை என்று கூறி, படகுச் சங்கம் அதன் உரிமையை ரத்து செய்தது. லேசர் என்ற வணிகப் பெயர் கம்பெனியிடம் இருந்ததால் படகின் பெயரையே 'இல்கா' என மாற்றவேண்டியதாயிற்று. ஒரே கையில் பிடி கொடுத்தால் பெயர்கூட மிஞ்சாது போலிருக்கிறது! தகுதியுள்ள மற்ற தயாரிப்பாளர்களுக்கும் பாகுபாடின்றி இடம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் உலகப் பாய்ப்படகு அமைப்பு அதை 2024 ஒலிம்பிக்குக்கு ஏற்றது. பிறகு பல நாடுகளில் புதிய தயாரிப்பாளர்கள் வந்தார்கள், அளவு மாறவில்லை.

நம் நாட்டிலும் கார் உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாததற்காக 14 கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 2014-ல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்தன என்பது வேறு விஷயம்.

இல்காவின் அங்கீகரித்த பாயில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதுதான் முத்திரை. ஹோபி சங்கமும் அப்படியொரு பொத்தானைத் தன் கையில் வைத்துக்கொண்டு, துணியையும் வெட்டையும் அளந்து பார்த்து, தேறிய பாய் எந்தத் தையல்காரருடையதானாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு பொத்தானைத் தைத்துக் கொடுக்கலாமே?