மதுரையில் ஒரு ராத்திரி, மலையில் ஒரு ராத்திரி

கல்யாணமாகி இருபது வருஷம் தாண்டிவிட்டால், 'நாம ரெண்டு பேர் மட்டும்' என்று எங்கே போக முடிகிறது, சொல்லுங்கள்! கல்யாண வீடு, காதுகுத்து, ஆஸ்பத்திரி, இவைதான் நம் பிரயாணங்கள். பெரியவன் ஹாஸ்டலில் இருக்கிறான். சின்னவளை அம்மாவிடம் விட்டுவிட்டு, போன டிசம்பரில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். எனக்கு மதுரைக் கடைத்தெரு ஆசை. இவருக்கோ மலைக் குளிரில் கூடாரம் போட்டுத் தூங்க ஆசை. வெள்ளி ராத்திரி மதுரை, சனி ராத்திரி கொடைக்கானல் என்று முடிவாயிற்று.

மீனாட்சியம்மன் கோயில் பள்ளியறை பூஜையைத் தம்பதியாகப் போய்ப் பாருங்கள். சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மனின் பள்ளியறைக்கு எடுத்து வருகிறார்கள். பிறகு கீழவாசல் பக்கம் இவருக்கு ஜிகர்தண்டா, எனக்குப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. தொண்டைக்கு இதமாக இறங்குகிறது. பதினோரு மணிக்கும் இட்லிக் கடையில் ஆவி பறந்தது. நாம் மாவு ஆட்டாமல் சாப்பிடுகிற இட்லிக்கு ருசியே தனி!

மறுநாள் வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி குறையும் என்பது கணக்கு. கொடைக்கானல் கிட்டத்தட்ட 7,000 அடி. காலையில் மின்விசிறிக்கு அடியில் இருந்த நாங்கள், சாயங்காலம் ஸ்வெட்டருக்குள் நடுங்கினோம்.

பூம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம். வெளியே விறகு மூட்டி, கைகளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது நன்றாகத்தான் இருந்தது. படுக்கப் போகும்போது தோட்டத்து ஆள் ஒரு சட்டி நிறையத் தணலோடு வந்தார். "உள்ளே வச்சுக்குங்க சார், கதகதப்பா இருக்கும்" என்றார். இவரும் கையை நீட்டிவிட்டார்!

"ஏங்க, அது வேணாம். வெளியவே இருக்கட்டும்" என்றேன். "புகையே இல்லையே, நீ ஏன் பயப்படறே?" என்றார் இவர்.

புகை இல்லை என்பதுதான் ஆபத்தே. மூடிய இடத்தில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடுகிறது. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இது ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் வரும். தூங்குகிறவர்கள் அப்படியே போய்விடலாம். யாருக்காவது இந்த அறிகுறி தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடாரம் என்றில்லை, லாட்ஜ் அறையானாலும், வீட்டில் பிரசவ அறையில் தணல் வைக்கிற வழக்கமானாலும் இதே கதைதான், தாய்மார்களே.

இவருக்கு முகம் சுருங்கியது. நான் விடவில்லை, சட்டி திரும்பிப் போயிற்று.

அப்புறம் குளிருக்கு என்ன செய்தோம்? குளிர் மேலிருந்து வருவதைவிட, தரை நம் சூட்டை அதிகமாக உறிஞ்சும். அதனால் போர்வையில் ஒன்றை எடுத்துப் பாய்க்கு மேல் விரித்தேன். வியர்வை பட்ட பருத்தித் துணிகளைக் கழற்றி, உலர்ந்த உடை, கம்பளிக் காலுறை, காதுக்கு மப்ளர். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தேன். கூடாரத்தின் காற்றுத் திறப்பை முழுக்க மூடவில்லை. 'கொஞ்சம் பிராந்தி போதும்' என்று இவருடைய நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். அது தோலுக்குச் சூடு காட்டுமே தவிர, உடம்பின் உள்சூட்டை வெளியேற்றிவிடும். மிளகு ரசமே போதுமாயிருந்தது.

கைக்குழந்தைக்காரிகள் இந்தக் கூடார ஆசையைத் தள்ளிப் போடுங்கள்; அறை எடுத்துத் தங்கலாம். காட்டை ஒட்டிய கூடாரமும் வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்க வந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்து போனாள். கூடாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் பூம்பாறை குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, மலைப்பூண்டு வாங்கினேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு இது. வாசனையும் காரமும் தூக்கலாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிற பெண்ணுக்குப் பாலில் வேகவைத்துத் தரச் சொல்லி, பாதியை அவள் அம்மாவிடம் கொடுத்தேன்.