மூன்று முறை நின்ற வண்டி

வீட்டை விட்டு வெகுதூரம் வந்த பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மோட்டார் சைக்கிள் திடீரென்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? சிலர் கிக்கரை உதைத்துக்கொண்டே இருப்பார்கள். சிலர் கண்ணில் பட்ட திருகுகளையெல்லாம் கழற்றுவார்கள். ஆனால் முதலில் தேவைப்படுவது ஸ்பானர் அல்ல. வரிசையாகச் சிந்திக்கும் பழக்கம். இதை நான் கற்றுக்கொண்ட இடம் பள்ளிக்கூடம் அல்ல, கனகசெட்டிக்குளத்தில் ஒரு தேநீர்க் கடை வாசல்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த காலம் அது. சரஸ்வதி பூசைக்கு மறுநாள் மாமாவும் நானும் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம். முத்தியால்பேட்டையில் பாட்டி வீட்டில் அம்மா காத்திருந்தாள். மாமாவின் வண்டி பழையது. ஆனால் அன்று அதற்கு ராஜ அலங்காரம். கைப்பிடியில் மாலை, விளக்கைச் சுற்றிப் பூச்சரம், பெட்ரோல் டேங்க்கின் மூடியில் கட்டை விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். புறப்படும்போது சிறு தூறல். மாமல்லபுரம் தாண்டியதும் நல்ல வெயில்.

கடப்பாக்கம் அருகே முதல் முறையாக வண்டி திணறி நின்றது. மாமா அதைச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி மண்ணில் நிறுத்தினார். என்னை இன்னும் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். "லாரிக்காரருக்கு நாம் நிற்பது தெரியாதுடா. முதலில் நம் உயிர், அப்புறம்தான் வண்டி" என்றார்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று

"நான்கு வீச்சு எஞ்சின் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார் மாமா. நான் விழித்தேன். அவரே விரல் விட்டு எண்ணினார். ஒன்று, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. இரண்டு, அந்தக் கலவையைப் பிஸ்டன் இறுக்கி அழுத்த வேண்டும். மூன்று, அழுத்திய கலவையைக் கொளுத்தச் சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. 1876ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ உருவாக்கிய எஞ்சினுக்கும் இவைதான் வேண்டியிருந்தன. நம் தெருவில் ஓடும் வண்டிக்கும் இவைதான் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் நின்றுவிடும்.

மாமா டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். பாதி டேங்க் பெட்ரோல் இருந்தது. புதுச்சேரியில் விலை குறைவு, அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பிறகு பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மாட்டினார். இரண்டு உதை, வண்டி கிளம்பிவிட்டது! "பிளக்தான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது இரண்டாம் முறை நின்றது. மறுபடியும் மூடியைத் திறந்தார், பெட்ரோல் இருந்தது. வழியில் வாங்கி வைத்திருந்த புதுப் பிளக்கை மாட்டினார். வண்டி உடனே கிளம்பியது. "பார்த்தாயா, நான் சொன்னது சரியாகப் போயிற்று!" என்றார். பிளக்குக்குக் கொடுத்தது போக அவர் பையில் சில்லறைதான் மிச்சம்.

எல்லையில் மூன்றாம் முறை

தமிழ்நாட்டின் எல்லை முடிந்து புதுச்சேரியின் நிலம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கனகசெட்டிக்குளம். புதுச்சேரி ஒரே துண்டான நிலம் அல்ல. தமிழ்நாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட அந்தத் துண்டுகளின் நிர்வாகம் 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. நகரம் அங்கிருந்து இன்னும் சுமார் 15 கிலோமீட்டர்.

அங்கேதான் மூன்றாம் முறை நின்றது வண்டி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் பக்கம் மேகம் கறுத்தது. இம்முறை மாமா மூடியைத் திறக்கவில்லை. "பெட்ரோல்தான் இருக்கிறதே!" என்று நேராகப் பிளக்குக்குப் போனார். துடைத்து மாட்டி உதைத்தார். பத்து உதை, இருபது உதை, அசையவில்லை. அவர் சட்டை வியர்வையில் நனைந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மாமா மறுபடியும் பிளக்கைக் கழற்றி உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "பிளக் காய்ந்து கிடக்கிறது. இத்தனை உதைக்குப் பிறகு பெட்ரோலில் நனைந்திருக்க வேண்டும். அப்படியானால் தீப்பொறியில் குறை இல்லை. பெட்ரோலே வந்து சேரவில்லை!" டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையைக் கழற்றினார். நாலு சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது. டேங்க்கில் பெட்ரோல் பாதி இருக்கிறது, திறப்பும் திறந்திருக்கிறது, ஆனால் பெட்ரோல் இறங்க மறுக்கிறது. ஏன்?

எண்ணெய் டின் சொன்ன பதில்

நான் தேநீர்க் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன. கடைக்கார அம்மா புது எண்ணெய் டின் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தார். ஆணியால் ஒரு மூலையில் ஓட்டை போட்டார். பிறகு எதிர் மூலையில் இன்னொன்று. "எண்ணெய் ஊற்ற ஓர் ஓட்டை போதாதா, மாமா?" என்று கேட்டேன்.

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஓடிப்போய் டேங்க் மூடியைத் திருகினார். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே பாயும் சத்தம் எனக்கும் கேட்டது. கழற்றிய குழாய் முனையிலிருந்து பெட்ரோல் தாரையாக ஓடியது. சட்டென்று திறப்பை மூடினார்.

டேங்க் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க, காலியாகும் இடத்தை நிரப்ப வெளிக்காற்று அதன் வழியே உள்ளே போக வேண்டும். காலைத் தூறலில் கரைந்த சந்தனம் துளைக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து, அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைத் தந்தார். அடுப்பிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய் மாமா துளையைக் குத்திச் சுத்தம் செய்தார். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது அல்லவா? வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

காற்றின் எடை

நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644இல் எழுதினார் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. அந்தக் கடல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1 கிலோகிராம் எடையளவுக்கு அழுத்துகிறது. இந்த அழுத்தம் 10 மீட்டர் உயரத்துக்குச் சற்று அதிகமான தண்ணீரைத் தாங்கும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது என்பதால் ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். ஆனால் டேங்க்கின் பெட்ரோல் மட்டத்துக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள உயரம் எவ்வளவு? 28 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது 14 மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகவே டேங்க்குக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஐம்பதில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். வெளிக்காற்று பெட்ரோலை இறங்கவிடாமல் தாங்கி நிறுத்திவிடும்.

டேங்க்கின் மேல்பகுதியில் 5 லிட்டர் காற்று இருந்தால், அது 5.1 லிட்டராக விரிந்ததும் அந்த நிலை வந்துவிடும். அதாவது 100 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவானால் போதும். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது வெறும் மூன்றரைக் கிலோமீட்டர்! கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பெட்ரோல் ஆவியை இங்கே விட்டுவிட்டோம். எங்கள் மூடியின் துளை முழுவதும் அடைபடாமல் கொஞ்சம் காற்று கசிந்ததால்தான் வண்டி ஒவ்வொரு முறையும் இன்னும் அதிக தூரம் ஓடியது.

மாமா செய்த தவறு

முதல் இரண்டு முறையும் வண்டியைக் கிளப்பியது பிளக் அல்ல என்பது இப்போது விளங்குகிறதா? பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தாரே, அந்தச் சோதனையே நோயைத் தற்காலிகமாகத் தீர்த்துவிட்டது. அவர் ஒரே சமயத்தில் இரண்டு காரியம் செய்தார். பலன் கிடைத்ததும் பெருமையைப் பிளக்குக்குக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். அன்றிரவு பாட்டி வீட்டில் மாமா தோசையைப் பிட்டபடி, "இருபது உதை உதைத்ததைவிட அந்தக் காய்ந்த பிளக்கைப் பார்த்ததுதான்டா உதவியது" என்றார்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் புது வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மின் பம்பு பெட்ரோலைத் தள்ள, மின்னணுக் கருவி அளந்து தெளிக்கிறது. ஆனாலும் டேங்க் காற்றை உள்ளிழுத்துத்தான் ஆக வேண்டும். ஆவி வெளியே போய்க் கலக்காமல் இருக்க, கரி நிரம்பிய ஒரு சிறு கலம் இடையில் வைக்கப்பட்டிருக்கிறது. வழியில் ஆபத்து என்றால் 112 என்ற எண்ணை அழைக்கவும் இன்று வசதி உண்டு. கருவிகள் மாறினாலும் கேள்விகளின் வரிசை மாறவில்லை: பெட்ரோல் வருகிறதா? காற்று போகிறதா? பொறி பாய்கிறதா?

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியில் ஊசியால் சிறு துளை போட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். மூடியைத் திறந்தால் தண்ணீர் பீச்சும். இறுக்கி மூடினால் நின்றுவிடும். இப்போது பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, மூடிய பிறகு எத்தனை சொட்டு விழுந்து நிற்கிறது என்று எண்ணுங்கள். ஏறக்குறைய முழுவதும் நிரப்பியும் எண்ணிப் பாருங்கள். துளை அடைபட்ட வண்டி, டேங்க் நிறைந்திருந்தால் சீக்கிரம் நிற்குமா, பாதி இருந்தால் சீக்கிரம் நிற்குமா? விடையை உங்கள் பாட்டிலே சொல்லும்.