விசாரித்தது தந்தி நிலையம்

மத்திய ஆஸ்திரேலியாவில் வெள்ளையரின் மாட்டுப் பண்ணைகள் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டன. பழங்குடியினர் மாடுகளை ஈட்டியால் குத்தினார்கள். அடக்க வந்தவர் குதிரைப் போலீஸ்காரர் வில்லியம் வில்ஷயர். அவர் சேர்த்துக்கொண்ட காவலர்களும் பழங்குடியினரே. ஆளை வைத்தே ஆளை அடிக்கும் வேலை, நமக்கும் தெரிந்ததுதான்.

1891 பிப்ரவரியில் டெம்பி டவுன்ஸ் பண்ணையில் அந்தக் காவலர்கள் இரண்டு பழங்குடியினரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல்கள் எரிக்கப்பட்டன; வில்ஷயர் அங்கேயே காலைச் சாப்பாட்டை முடித்தார். இதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலைய அதிகாரி ஃபிராங்க் கில்லன்தான் அங்கே நீதிபதியும். அவர் விசாரிக்க, போலீஸ்காரர் வில்ஷயர் மீதே கொலை வழக்கு! போர்ட் அகஸ்டா நீதிமன்றத்தில் வில்ஷயருக்காக வாதாடியவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்வர் ஜான் டவுனர். ஜூரி வில்ஷயரை விடுவித்தது. 1893இல் அவரை விக்டோரியா ஆற்றுப் பகுதிக்கு மறுபடி போலீஸ்காரராகவே அனுப்பினார்கள்.