ஓடும் ரெயிலுக்குச் சோறு நீட்டும் பெண்கள்!

டிக்கெட் வாங்கி ரெயிலில் போகிறவர்களுக்கு ஸ்டேஷனில் காப்பி கிடைக்கும், பலகாரம் கிடைக்கும். கூட்ஸ் வண்டியின் கூரை மேல் ஒளிந்து போகிறவனுக்கு யார் சோறு போடுவார்கள்?

மெக்சிகோ நாட்டில் ஒரு கிராமத்துப் பெண்கள் போட்டார்கள். அதுவும் ஓடுகிற வண்டிக்கு!

அந்தக் கிராமத்தின் பெயர் லா பத்ரோனா. மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில், வெராகுரூஸ் மாநிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். ஊர்க்காரர்கள் பணக்காரர்கள் அல்ல. தண்டவாளம் ஊரை ஒட்டியே ஓடுகிறது.

"மிருகம்"

மெக்சிகோவுக்குத் தெற்கே ஓண்டுராஸ், கவுதமாலா, எல் சால்வடோர் என்ற சிறிய நாடுகள் இருக்கின்றன. வறுமை ஒரு பக்கம், கொலைகாரக் கும்பல்களின் தொல்லை ஒரு பக்கம். பிழைப்புத் தேடி அங்கிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர்கள் ஏராளம். இடையில் மெக்சிகோ முழுவதையும் கடக்க வேண்டும். கையில் அனுமதிச் சீட்டு இல்லை. பஸ்ஸில் போனால் அதிகாரிகள் பிடித்துத் திருப்பி அனுப்பி விடுவார்கள். அதனால் கூட்ஸ் வண்டியில் தொற்றிக் கொண்டார்கள்.

அந்த வண்டிக்கு அவர்கள் வைத்த பெயர் "மிருகம்"! கண் அயர்ந்தால் கீழே விழ வேண்டியதுதான். அப்படி விழுந்து கால் இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு. திருடர்களும் ஆள் கடத்துகிறவர்களும் வழியெல்லாம் காத்திருப்பார்கள். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மெக்சிகோவின் வடக்கே சான் பெர்னாண்டோ என்ற இடத்தில், இப்படி வழிப்பயணம் வந்த 72 பேரை ஒரு கும்பல் கொன்று போட்டது. உலகமே திடுக்கிட்டது.

இத்தனை ஆபத்துக்கும் நடுவே பசி வேறு!

பாலும் ரொட்டியும்

1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ரோசா, பெர்னார்தா என்ற சகோதரிகள் காலை உணவுக்காகக் கடையில் பாலும் ரொட்டியும் வாங்கிக் கொண்டு வீடு திரும்பினார்கள். வழியில் ரெயில் குறுக்கிட்டது. நின்றார்கள்.

"தாயே! பசிக்கிறது!"

வண்டியின் மேலே இருந்து குரல் வந்தது. அடுத்த பெட்டியில் இருந்தும் அதே குரல். சகோதரிகள் யோசிக்கவில்லை. ரொட்டியை வீசினார்கள். பிறகு பாலையும் கொடுத்து விட்டார்கள்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் திட்டு விழுமே என்று பயம். ஆனால் தாயார் லியோனிலா திட்டவில்லை. மகள்களை உட்கார வைத்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். வீட்டில் அரிசி இருந்தது, பயறு இருந்தது. அதைச் சமைத்துப் பொட்டலம் கட்டித் தண்டவாளத்துக்கு எடுத்துப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வண்டியில் போகிறவர்கள் யார் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. நம் நாட்டுக்காரர்கள்தான் சும்மா ஊர் சுற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தார்கள். பேச்சு வேறு மாதிரி இருந்ததைக் கவனித்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

கணக்கான வேலை

அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். சுமார் 15 பேர். ஊரின் பெயரை வைத்து இவர்களை "லாஸ் பத்ரோனாஸ்" என்று அழைக்கலானார்கள். பத்ரோனா என்றால் ஊரைக் காக்கும் தாய்.

சமையல் பெரிதல்ல. பெரிய பானைகளில் சோறு, கறுப்புப் பயறு. கூடவே மக்காச்சோள ரொட்டி. அது நம் சப்பாத்தி போல வட்டமாக இருக்கும். கஷ்டமெல்லாம் அதைக் கொடுப்பதில்தான்! கூட்ஸ் வண்டிக்கு ஏது நேரம்? பகலிலும் வரும், நடு இரவிலும் வரும். ஊதல் சத்தம் கேட்டதும் பொட்டலங்களைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டு ஓட வேண்டும்.

தண்டவாளத்தின் ஓரமாக, இடைவெளி விட்டு வரிசையாக நிற்பார்கள். முதல் பெண்ணிடம் வாங்கத் தவறியவன் அடுத்தவளிடம் வாங்கிக் கொள்ளலாம் அல்லவா? பொட்டலத்தின் காது விரிந்து இருக்க வேண்டும். அப்போதுதான் விரல் மாட்டும். தண்ணீர்ப் பாட்டில்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் கட்டி வைப்பார்கள். ஒற்றைப் பாட்டில் வழுக்கி விடும். கயிறு என்றால் கையில் மாட்டிக் கொள்ளும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு மறு கைதானே மிச்சம்!

சில டிரைவர்கள் பெண்களைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பார்கள். சிலர் குறைக்க மாட்டார்கள். கொஞ்சம் நெருங்கி நின்றால் சக்கரம் இழுத்து விடும்.

ஜெயில் பயம்

ஊரில் சிலர் ஏசினார்கள். "திருட்டுத்தனமாக வருகிறவர்களுக்குச் சோறா?" என்று கேட்டார்கள். வெறும் ஏச்சு என்றால் பரவாயில்லை. அனுமதி இல்லாமல் வந்தவர்களுக்கு உதவினால், ஆள் கடத்தும் கூட்டத்தோடு சேர்த்துக் குற்றம் சாட்டி விடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பல வருஷம் அந்தப் பயத்தோடுதான் அடுப்பு மூட்டினார்கள். 2011-இல் புதுச் சட்டம் வந்தது. மனிதாபிமானத்தால் உதவுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அதில் எழுதினார்கள்.

2013-இல் லியோனிலாவின் மற்றொரு மகளும் இந்தப் பெண்களின் தலைவியுமான நோர்மா ரொமெரோவுக்கு, நாட்டின் மனித உரிமைப் பரிசு வழங்கப்பட்டது. சட்டத்துக்குப் பயந்தவர்களை அரசாங்கமே அழைத்துப் பாராட்டியது!

நாளடைவில் உதவியும் வந்தது. ரொட்டிக் கடைக்காரர்கள் மிஞ்சிய ரொட்டியை அனுப்பினார்கள். மாணவர்கள் வந்து பாட்டில் கழுவினார்கள், பொட்டலம் கட்டினார்கள்.

2014-இல் மெக்சிகோ அரசாங்கம் காவலைக் கடுமையாக்கியது. வண்டியில் ஏறுகிறவர்களைப் பிடித்து இறக்கினார்கள். வண்டிகளின் வேகமும் கூடியது. கூரை மேல் கூட்டம் குறைந்தது. ஆனால் புறப்படுகிறவர்கள் நிற்கவில்லை. நடந்தே வந்தார்கள்.

அவர்களுக்கு லா பத்ரோனாவில் உட்கார்ந்து சாப்பிட இடமும், குளிக்கத் தண்ணீரும், மாற்றுத் துணியும், படுக்கக் கட்டிலும் இருந்தன. அத்தனை வருஷம் ஓடும் வண்டியில் ஒரு நொடி கையை மட்டுமே பார்த்த பெண்கள், இவர்களிடம் பெயர் என்ன, ஊர் எது, வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று விசாரிக்க முடிந்தது.